எல்லாருக்கும் ஏற்ற ஒரே வண்டி

கடலோர மக்கள் நகர்வு நல வாரியம் வண்டி கொடுக்கப்போகிறது என்ற செய்தி மடவைக்குப்பத்துக்கு வந்த அன்று, பூவிழியின் மொபெட்டிலிருந்து ஒரு கால்மிதி கழன்று விழுந்தது. அதை அவள் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள். நம் ஜனங்கள் எதைத்தான் நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை?

அந்த மொபெட் அவள் கைக்கு வரும்போதே கிழடு. பழவேற்காட்டு உப்புக்காற்று இரும்பைத் தின்பதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. மட்கார்டு பாதி, சைலன்சர் பாதி அதன் வயிற்றுக்குள் போய், மிச்சத்தைப் பூவிழி வலைக்கயிற்றால் கட்டி வைத்திருந்தாள். ஆனாலும் அந்த வண்டி விடியற்காலையில் இரண்டு ஐஸ் பெட்டிகளையும் ஓர் அன்னக்கூடையையும் அவளையும் சுமந்துகொண்டு எப்படியோ மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அங்கே வாசலை ஒட்டி அவளுக்கு ஓர் இடம் இருந்தது. அவள் மாமியார் உட்கார்ந்து விற்ற இடம். மார்க்கெட்டில் இடத்துக்குப் பட்டா கிடையாது. உட்கார்ந்தால் உன்னுடையது, உட்காராவிட்டால் அடுத்தவளுடையது. குத்தகைக்காரர் பிரபாகரன் ஈரமுள்ள ஆள்தான், ஆனால் காலி இடத்தை அவரும்தான் எத்தனை காலம் காத்து வைப்பார்? மொபெட் படுத்தால் இடம் போகும். இடம் போனால், புருஷன் இளங்கோவன் ஏரியில் பிடித்து வரும் எறாவைக் கரையில் நிற்கும் கம்பெனி ஏஜெண்டிடம் அவன் சொன்ன விலைக்குக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். பூவிழிக்கு ராத்தூக்கத்தைக் கெடுத்த பயம் இது ஒன்றுதான்.

புயல் பாதுகாப்பு மையத்தில் கூட்டம் போட்டார்கள். மடவைக்குப்பத்தார் பாதி, உள்ளே தள்ளியிருக்கும் நெல் வயல் ஊர்க்காரர்கள் பாதி. இரண்டு ஊருக்கும் சேர்த்து ஓர் இருசக்கர வண்டி என்பதுதான் திட்டம். வாரியத்தின் இணை இயக்குநர் தமிழ்வேந்தன் மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கைப் பிடித்தால் மைக்தான் கெஞ்சவேண்டும் என்று அவருடைய ஜீப் டிரைவரே சொல்லுவார்.

"வண்டி கொடுப்பது எளிது. கடையில் பணம் கட்டினால் கடைக்காரனே கொடுத்துவிடுவான். அதற்கு ஒரு வாரியம் எதற்கு? நாங்கள் வண்டி கொடுக்க வரவில்லை. சரியான வண்டியைத் தேர்ந்தெடுக்கும் பண்பாட்டைக் கொடுக்க வந்திருக்கிறோம். அதற்கு இரண்டு ஊரும் வாரியமும் சேர்ந்த ஒரு குழு இருக்கும். வண்டி நாளைக்குத் துருப்பிடிக்கும். குழு துருப்பிடிக்காது!"

எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கட்டடத்தில் எதிரொலி அதிகம். கைதட்டல் உள்ளதைவிடப் பெரிதாகக் கேட்டது, அவர் இன்னும் அரைமணி பேசினார். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, வண்டியை யார் ஓட்டப்போகிறீர்கள்? ஒரு பெயர் சொல்லுங்கள்" என்று கேட்டார்.

ஒரு பெயர். வேறு எந்த ஊராக இருந்தாலும் பத்துப் பேர் பாய்ந்து தன் பெயரைச் சொல்லியிருப்பார்கள், அடிதடி நடந்திருக்கும், கடைசியில் எவனோ ஒருவனுக்கு வண்டி போயிருக்கும். மடவைக்குப்பத்தாருக்கு அப்படிச் செய்யத் தெரியாது. ஊர்த்தலைவர் சின்னதம்பி எழுந்து தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்கோ? எங்க ஊர்ல எதுவும் ஒருத்தருக்குனு கெடயாது. ஏரியவே நாங்கோ பாடு வச்சிதான் அனுபவிக்கிறோம். வண்டியும் அப்டித்தான். ஊரே ஓட்டும் சார்."

பாடு என்பது இங்கே உள்ளவர்களின் சட்டம். ஏரியில் எறா சேரும் இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. அதனால் சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இந்த இடம் இந்தக் குடும்பத்துக்கு, நாளைக்கு அடுத்த குடும்பத்துக்கு என்று முறைவைத்துப் பிடிப்பார்கள். இதில் சண்டை வந்தால் ஊரே கூடித் தீர்க்கும். அந்த நியாயத்தில் சின்னதம்பிக்கு அபாரமான பெருமை. பெருமைப்படவேண்டிய விஷயம்தான். அதைத் தமிழ்வேந்தனிடம் போய்ச் சொன்னதுதான் தப்பு.

ஒருநாள் வேலை என்று நினைத்து வந்திருந்த தமிழ்வேந்தனின் முகம், ஓய்வு பெறும்வரை வேலை கிடைத்துவிட்டதைப் போல மலர்ந்தது. "ஊரே ஓட்டும் என்றால் வண்டி ஊருக்கே பொருந்தவேண்டும்! ஒவ்வொருவரும் உங்கள் தேவையைச் சொல்லுங்கள்."

சொன்னார்கள். மீன்காரப் பெண்கள் பெட்டி கட்டப் பின்னால் அகலமான கேரியர் வேண்டும் என்றார்கள். போட்காரர்களுக்கு எஞ்சினைக் கழற்றி பழுதுபார்க்க எடுத்துப்போக முன்னால் இடம் வேண்டும். நெல் ஊர்ப் பிரதிநிதி தருமலிங்கம் இரண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வரப்பில் போகவேண்டும் என்றார். முட்டிவலிக்காரர்கள் காலைத் தூக்காமல் ஏறக்கூடிய வண்டி கேட்டார்கள். கல்யாணமாகாதவர்கள் சத்தம் வேண்டும் என்றார்கள், கல்யாணமானவர்கள் சத்தமே கூடாது என்றார்கள். பூவிழி, "எனக்கு ஸ்டார்ட் ஆனா போதும் சார்" என்றாள். அதையும் குறித்துக்கொண்டு, இது மிகையான எதிர்பார்ப்பா என்று பிறகு ஆராயலாம் என்றார்கள்.

அடுத்து வாரியத்தின் ஆலோசகர் நிவேதா சென்னையிலிருந்து அளவுநாடாவோடு வந்தாள். மரியாதையான பெண். இரண்டு ஊரிலும் வண்டியில் ஏறக்கூடிய அத்தனை பேரையும் நிற்கவைத்து உயரம் எடுத்தாள், மீன் நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றி எடை பார்த்தாள். எல்லாவற்றையும் கூட்டி வகுத்து, "சராசரிப் பயனாளி" என்று ஓர் ஆளைக் கண்டுபிடித்துக் கூட்டத்தில் அறிவித்தாள். உயரம் ஐந்தடி இரண்டு. எடை ஐம்பத்து மூன்று கிலோ. வயது நாற்பது. ஐந்தில் இரண்டு பங்கு பெண், மூன்றில் ஒரு பங்கு விவசாயி. இடது முட்டியில் லேசான வலி. பிள்ளைகள் ஒன்றே முக்கால்.

"இந்த ஆளு எந்த ஊரும்மா?" என்று கேட்டார் சின்னதம்பி.

"எல்லா ஊரும்தாங்க. ஆனா எந்த ஊர்லயும் இல்ல."

"அப்ப இவருக்குத்தான் வண்டியா?"

"இவருக்குப் பொருந்தினா எல்லாருக்கும் பொருந்தும்" என்றார் தமிழ்வேந்தன். "இவரைப் போலவே ஒருவரைத் தேடிப் பிடித்து, வண்டிகளை ஓட்டவைத்துப் பார்ப்போம்."

தேடினார்கள். உயரம், எடை, வயது, முட்டிவலி எல்லாம் பூவிழிக்கு அச்சாகப் பொருந்தின. அவள் முழுப் பெண்ணாக இருக்கிறாள் என்பது ஒன்றுதான் குறை. குழு அதை நெடுநேரம் விவாதித்து, பெருந்தன்மையோடு மன்னித்தது. தமிழ்வேந்தன் அவளுக்குச் சால்வை போர்த்தினார். "இன்று முதல் நீங்கள் பூவிழி இல்லை. மாதிரி ஓட்டுநர். இரண்டு ஊரும் சேர்ந்ததுதான் நீங்கள்."

ராத்திரி இளங்கோவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, "ரெண்டு ஊரு ஒரே வூட்ல கீது. சோறு பத்துமாடி?" என்று கேட்டான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் மாதிரி ஓட்டுநருக்கு விதிகள் இருந்தன. சோதனை நடக்கும் நாளில் எங்கும் போகக்கூடாது. எடை கூடவோ குறையவோ கூடாது. முக்கியமாக, வேறு எந்த வண்டியையும் தொடக்கூடாது. தொட்டால் அந்த வண்டியின் பழக்கம் கைக்கு ஒட்டிக்கொண்டு முடிவைக் கெடுத்துவிடுமாம். மொபெட்டை என்ன செய்வது என்று கேட்டாள். அது வீட்டில் நிற்பதே சபலம் என்றார் தமிழ்வேந்தன்.

"அத வுட்றாத பூவிழி" என்றான் இளங்கோவன். "அவங்கோ வண்டிய நம்பி நம்ம வண்டிய வுடுவியா?"

"யோவ், நீ ஒண்ணு. சீட்டு குலுக்கனாங்கோ இல்ல? மொத மொற நம்புளுதுதான். அதுவும் என் ஒடம்பு அளவுக்குத்தான் வண்டியே எடுக்கறாங்கோ. ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்தவளுக்கு ஜாக்கெட்டு வராம போவுமா?"

வண்டி வருவதற்கு முன்பே ஊர் அதற்குப் பாடு வைத்து, சீட்டுக் குலுக்கி முடித்திருந்தது. முதல் சீட்டு இளங்கோவன் குடும்பத்துக்கு விழுந்திருந்தது. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன நம்பிக்கை வேண்டும்? மொபெட்டைக் காயலான் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டாள். திரும்பி வரும்போது கொஞ்சம் அழுதாள். வலைக்கயிற்றை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டு வந்தாள்.

சோதனைகள் தொடங்கின. முதல் வண்டியைக் கடற்கரை மணலில் விட்டார்கள். பூவிழி ஏறி உட்கார்ந்ததும் சக்கரம் பாதி உள்ளே போயிற்று. "மணல் ஒத்துழைக்கவில்லை" என்று குழு பதிவு செய்தது. இரண்டாவது வண்டிக்குச் சுமைச் சோதனை. எல்லாருடைய தேவையையும் நிறைவேற்றவேண்டும் என்பதால் எல்லாருடைய சுமையையும் ஒரே நேரத்தில் ஏற்றினார்கள். முன்னால் போட் எஞ்சின், பின்னால் நெல் மூட்டை இரண்டு, அதற்கு மேல் மீன் பெட்டி, பக்கவாட்டில் வலை, நடுவில் பூவிழி. வண்டி அசையவில்லை. பூவிழியாலும் இறங்க முடியவில்லை. இறக்கிவிட நாலு பேர் வேண்டியிருந்தது. "இந்த வண்டி விவசாயிக்கு எதிரானது" என்றார் தருமலிங்கம். "மீனவனுக்கும்தான்" என்றார் சின்னதம்பி. இரண்டு ஊரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை என்பதால் தமிழ்வேந்தன் அதைச் சாதனைகளில் சேர்த்துக்கொண்டார்.

மூன்றாவது வண்டிக்குத் துருச் சோதனை. அதை மழைக்காலம் முழுக்க முகத்துவாரத்துப் பக்கம் திறந்தவெளியில் நிறுத்திவைத்து, துரு பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிடித்தது. வேறென்ன செய்யும்? புத்தம்புது வண்டி. அதன் பக்கத்தில் நின்று பூவிழி வயிறெரிந்தாள். "சார், துரு புடிக்கற வரைக்கும் நான் ஓட்டிக்கினு இருக்கட்டா?" என்று கேட்டும் பார்த்தாள்.

"ஓட்டினால் அது ஓட்டியதால் பிடித்த துருவா, காற்றால் பிடித்த துருவா என்று எப்படித் தெரியும்மா? பொறுமை வேண்டும். நான் இந்தத் துறையில் இருபது வருஷமாக இருக்கிறேன். ஒரு வண்டிகூட அவசரப்பட்டுக் கொடுத்ததில்லை."

சோதனை இல்லாத நாள்களில் அவள் பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுவதைக் கண்ட கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். எறா பாழாய்ப் போயிற்று. பிறகு இளங்கோவன் பிடித்ததெல்லாம் கரை ஏஜெண்டுக்கே போயிற்று. அந்த ஏஜெண்ட் விலையைச் சொல்லும்போது இப்போதெல்லாம் பூவிழியின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவமானமாக இருந்தது அவளுக்கு. மீஞ்சூரிலிருந்து பிரபாகரன் போன் செய்து, "இன்னும் எவ்ளோ நாளும்மா? எடத்த கேட்டு நச்சரிக்கறாங்கோ" என்றார். "வண்டி வந்துகினே கீதுண்ணா, வச்சிருங்கண்ணா" என்று கெஞ்சினாள். சரி என்றார்.

வருமானம் குறைந்ததும் சாப்பாடு குறைந்தது, சாப்பாடு குறைந்ததும் எடை குறைந்தது. தராசில் ஏறி நின்றபோது நிவேதா பதறிப்போனாள். குழுவை அவசரமாகக் கூட்டினார்கள்.

"என்னம்மா இது?" தமிழ்வேந்தனுக்கு உண்மையிலேயே வருத்தம். "நீங்கள் இளைத்தால் இரண்டு ஊரும் இளைத்ததாகக் கணக்கு. இரண்டு ஊரும் இளைக்கவில்லையே! நீங்கள் மட்டும் ஏன் தனித்துப் போகிறீர்கள்?"

"வியாபாரம் இல்ல சார். வண்டி இல்லாம மார்க்கெட்டுக்குப் போவ முடில."

"அதற்குத்தானே வண்டி தேடுகிறோம்!" என்றார் அவர் வெற்றியோடு. எடையைச் சரிசெய்ய அவளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட் வழங்கப்பட்டது. அதை அவள் குழுவின் முன்னால் சாப்பிடவேண்டும் என்றார்கள். சாப்பிட்டாள்.

உயரமான வண்டி முட்டிவலிக்காரர்களால் தோற்றது, தாழ்வான வண்டி வரப்பால் தோற்றது. கனமானது பெண்களுக்கு ஆகாது, லேசானது மூட்டைக்கு ஆகாது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், இங்கே குரங்குகூடக் கிடைக்கவில்லை. கடைசிக் கூட்டத்தில் தமிழ்வேந்தன் கண்கள் பளபளக்க எழுந்தார்.

"ஓர் உண்மையைக் கண்டுபிடித்திருக்கிறோம். எல்லாச் சிக்கலும் வண்டி நகரும்போதுதான் வருகிறது. நிற்கும்போது எந்த வண்டியும் எல்லாருக்கும் பொருந்துகிறது! ஆகவே வாரியம் ஒரு வண்டி வாங்கி, இந்தக் கட்டடத்திலேயே மேடை கட்டி, அதன்மேல் நிலையாக நிறுத்தப்போகிறது. கட்டடத்துக்குள் பெட்ரோல் வைக்க அனுமதி இல்லை, அதனால் விபத்தும் இல்லை. மக்கள் தங்கள் பாடு முறைப்படி வந்து அமரலாம். ஒருவருக்குக் கொடுத்திருந்தால் அவர் ஓட்டிக்கொண்டு போய்விட்டிருப்பார். நாங்கள் யாரைப் பார்க்க வருவது?"

பூவிழிக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் எழுந்தாள். "மொத மொற எங்களுது சார். அத கீழ எறக்கிக் குடுங்கோ, நாங்கோ பெட்ரோல் ஊத்திக்கிறோம். அளவும் என்னுதுதானே சார்?"

"அதனால்தான் உங்களுக்கு இல்லை" என்றார் அவர் கனிவாக. "அளவு கொடுத்தவரே பலனடைந்தால் அது முறைகேடு. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் நீங்கள்தான் அசிங்கப்படுவீர்கள். உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன்."

அவள் சின்னதம்பியைப் பார்த்தாள். சின்னதம்பி துண்டைச் சரிசெய்தார். முறை அடுத்த குடும்பத்துக்குப் போயிற்று. வண்டி வந்தது, மேடையில் ஏறியது, சங்கிலி போட்டுப் பூட்டினார்கள். ஊர் ஜனங்கள் பாடு தவறாமல் வந்து உட்கார்ந்தார்கள். சத்தியமாக உட்கார்ந்தார்கள். முறை தாண்டி உட்கார்ந்ததாக ஒரு பஞ்சாயத்துகூட நடந்தது, ஊரே கூடித் தீர்த்துவைத்தது.

திறப்பு விழாப் படத்துக்கு மட்டும் பூவிழியை அழைத்தார்கள். மாதிரி ஓட்டுநர் இல்லாமல் எப்படி? தலைக்கவசம் மாட்டி, வண்டியின் பின்னால் காலிப் பெட்டிகள் கட்டி, பின்னால் பச்சைத் துணி தொங்கவிட்டு, முந்தானை பறக்க மின்விசிறி வைத்தார்கள். "சிரிங்கக்கா" என்றார் படம் எடுக்க வந்தவர். சிரித்தால் யாருக்காவது மனம் இளகும் என்று ஒரு கடைசி நைப்பாசை அவளுக்கு. சிரித்தாள்.

பொங்கல் கழிந்து ஏரியில் எறா நன்றாகப் பட்ட ஒருநாள், எப்படியாவது இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்று ஓர் அன்னக்கூடையை மட்டும் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் இரண்டு ஆள் கூலி கொடுத்து மீஞ்சூர் போய் இறங்கினாள். மார்க்கெட் வாசலில் அவள் இடத்தில் பசியாவரம் ஊர்க்காரி முனியம்மா மடவை மீனைக் கூறுகட்டிக்கொண்டிருந்தாள். பிரபாகரன் ஓடிவந்தார்.

"அடடே, வா பூவிழிம்மா! வண்டி எங்க நிறுத்தன?"

"எந்த வண்டிண்ணா?"

அவர் மேலே கையைக் காட்டினார். வாசல் வளைவு முழுக்க ஒரு பேனர். அதில் பூவிழி தலைக்கவசத்தோடு, பெட்டிகளோடு, முந்தானை பறக்க, பச்சைத் துணி இருந்த இடத்தில் நெடுஞ்சாலை ஓட, சக்கரத்துக்குக் கீழே புழுதி கிளம்பச் சிரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஏற்ற ஒரே வண்டி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"போன வாரம் வரைக்கும் உன் எடத்துல ஒரு ஆள குந்த வுடலம்மா. அப்பறம் இத கொண்டாந்து கட்னாங்கோ. எனக்கு அவ்ளோ சந்தோஷம். வண்டி கீறவங்கோ தெருத்தெருவா போயி விக்கலாம், இன்னும் ஜாஸ்தியாவே விக்கலாம். வண்டி இல்லாதவங்களுக்குத்தானே எடம் வேணும்? அதான் முனியம்மாவுக்குக் குடுத்துட்டேன். பாவம், ஆட்டோ கூலி குடுத்து வர்ற மனுஷி."

"அது ஓடாதுண்ணா. மேட மேல நிக்குது."

பிரபாகரன் பேனரை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "தூசி கெளம்புதேம்மா" என்றார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை, பேனர் பொய் சொல்லும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை. முனியம்மா தலையைக் குனிந்துகொண்டு மீனுக்குத் தண்ணீர் தெளித்தாள். அவளை எழுப்பிவிட்டு உட்காரப் பூவிழிக்கு மனம் வரவில்லை. பேனரின் நிழல் தரையில் விழுந்திருந்தது, அதில் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். வாரியம் கொடுத்ததில் அவளுக்குப் பயன்பட்டது அந்த நிழல் ஒன்றுதான்.

எறா வாங்க வந்த ஒருவர் கூடையைக் கிளறியபடி நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, இது நீதானே? நானும் ஒரு வண்டி எடுக்கலாம்னு கீறேன். வூட்ல அவளும் ஓட்டணும், நைனாவும் ஓட்டணும். இது எல்லாருக்கும் செட் ஆவுமா?"

பூவிழி பேனரைப் பார்க்கவில்லை.

"ஆவும்ணா" என்றாள். "உங்க நைனாவுக்கு இன்னா, எனக்கு இன்னா. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் கீது."

அவர் எறா வாங்கவில்லை, விசாரித்துவிட்டுப் போய்விட்டார். வெயில் ஏறத் தொடங்கியது, ஐஸ் கரைந்து கூடையின் அடியில் ஒழுகியது. பூவிழி சும்மாட்டைச் சுருட்டி வைத்து, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, முட்டி வலிக்க வலிக்கப் பக்கத்துத் தெருவுக்குள் நடந்தாள். வண்டி உள்ளவர்கள் தெருத்தெருவாகப் போய் விற்கலாம் என்றுதானே பிரபாகரன் சொன்னார்.